எந்தத் தறியின் சத்தம்?

கடையை இப்போது நடத்துகிற நீங்கள், புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "எட்டாங்கிளாஸ்கூட முடிக்காதவர், ஏஐ புராஜெக்ட் சென்டர் நடத்தினார்" என்று சொல்லிச் சிரிக்கிறீர்களாம். சிரியுங்கள். அதை நானே போர்டில் எழுதச் சொன்னேன். இடம் போதாது என்று பெயிண்டர் விட்டுவிட்டான்.

என் தகப்பனார் வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை செய்தவர். நான் ரேடியோ ரிப்பேரில் தொடங்கி, டேப்ரிக்கார்டர், டிவி, ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் என்று ஒவ்வொன்றாகத் தாவி வந்தேன். இன்ஜினியரிங் பிள்ளைகள் கடைசி வருஷத்து புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொண்டுவருவார்கள். நான் அவற்றைப் படிப்பேன். வருஷக்கணக்கில் ரிப்போர்ட் ஒட்டியவனுக்கு எது சொந்த மூளை, எது அடுத்தவன் மூளை என்று பசை காய்வதற்குள் தெரிந்துவிடும். "இது ஓடாதே தம்பி" என்று ஒருநாள் ஒருவனிடம் சொன்னேன். ஓடவில்லை. அடுத்த வருஷம் அவன் ஜூனியர்கள் பைண்டிங்குக்கு முன்பே வந்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கடை. செய்த புராஜெக்டை எடுத்துக் கொடுத்து அனுப்பும் சென்டர்கள் உண்டு. என் கடையில் பிள்ளைதான் செய்யவேண்டும். நான் பின்னால் நின்று கேள்வி கேட்பேன். இந்த ஊரில் என்னைவிட அதிகமான ஏஐ புராஜெக்டுகள் தோற்றதைப் பார்த்தவன் யாரும் இல்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது ஓய்வு என்கிறார்கள். எனக்கு வீட்டில் கால் நிற்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து மருமகள் என்னைக் கடிகாரப் பெண்டுலம் என்று சொல்கிறாள். அதனால் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதும் ஒரு கண் மேஜைமேல் இருக்கும் போன்மீது இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறதே தலைப்புப் பட்டியல், அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். இலையைப் பார்த்து நோய் சொல்வது, முகம் பார்த்து வருகைப்பதிவு, ஹெல்மெட் போட்டானா இல்லையா, செய்தி உண்மையா பொய்யா. ஒட்டியவன் நான்தான். கிழிக்கச் சொல்லவில்லை. அதிலிருந்து எடுத்தால் மார்க் வரும், வேறொன்றும் வராது. வருகிற பிள்ளை எந்தத் தலைப்பைக் கேட்டாலும் நீங்கள் திருப்பிக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "இது தப்பா சொன்னா உனக்கு யாரு போன் பண்ணுவாங்க?" பதில் இல்லை என்றால் அந்தப் புராஜெக்டுக்கு உயிர் இல்லை.

ஒருமுறை பையன்கள் சிலர் வாலாஜாபாத் அரிசி ஆலைக்கு ஒரு கேமரா செய்தார்கள். அரிசியைப் பார்த்து நல்லது, பழுது என்று சொல்லும். கடையில் வைத்துப் பார்த்தோம். அடடா, ஒரு தப்பு இல்லை. ஆலைக்கு எடுத்துப்போனோம். ஆலைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பழுது அரிசியை ஒரு பிடி அள்ளி, தான் டிபன் சாப்பிட்ட எவர்சில்வர் தட்டில் கொட்டினார். கேமரா 'நல்ல அரிசி' என்றது. தட்டைக் கவிழ்த்து வெறும் தட்டைக் காட்டினார். அதற்கும் 'நல்ல அரிசி'.

"இன்னாபா இது, என் தட்டு ஃபஸ்ட் கிளாஸ் பொன்னின்னு சொல்லுது!" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நடந்தது இதுதான். பையன்கள் நல்ல அரிசியை எல்லாம் எவர்சில்வர் தட்டிலும், பழுதை நீல பிளாஸ்டிக் டப்பாவிலும் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கேமரா அரிசியைப் பார்க்கவே இல்லை. பாத்திரத்தைப் பார்த்தது. அதன்மேல் குற்றம் இல்லை. எது சுலபமோ அதைப் படித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் நாமும் அப்படித்தான்.

எனக்கு ரேடியோ ரிப்பேர் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பாய். எங்கள் காலனியிலிருந்து வந்தவனுக்கு அந்த வீதியில் யாரும் கடை வாடகைக்குக் கொடுக்கவில்லை. அவர் தன் கடையின் நடுவில் ஒரு பலகையைத் தடுத்து, "அந்தப் பக்கம் உன்னுது" என்றார். ஒருநாள் செத்துக்கிடந்த ஒரு பெட்டியிலிருந்து நான் சத்தம் வரவழைத்துவிட்டேன். ஒரே குதி. பாய் தலையைத் தூக்கவில்லை. "சத்தம் வருது, சபாஷ். எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். முள் ஓர் இடத்தில் இருந்தது. பாட்டு வேறு ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அந்தக் கேள்வி இத்தனை காலம் கழித்து எங்கே வந்து என் கழுத்தைப் பிடித்தது என்பதுதான் நான் சொல்ல உட்கார்ந்த கதை.

பவித்ரா என்று ஒரு பெண். பிள்ளையார்பாளையம். கடைக்கு வந்தவள் சுவரில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இதுல எதுவும் வேணாம் சார்."

"அப்போ?"

"தறி சத்தத்த போன் கேக்கணும். ஓடுதா, நின்னுடுச்சான்னு எனக்கு சொல்லணும்."

"அதுக்கு எதுக்குமா ஏஐ? காது போதுமே."

"காது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டு காலேஜ்ல இருக்குது சார். தறி வீட்ல இருக்குது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவளுடைய அம்மா தேவகிக்கு வலிப்பு வரும். மாத்திரை சாப்பிடுகிறார். இருந்தும் எப்போதாவது, சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஒருமுறை நெய்துகொண்டிருக்கும்போதே வந்து, மிதிக்கும் குழிக்குள் சரிந்து கிடந்திருக்கிறார். அப்பா ஏழுமலை கம்பெனி வேன் ஓட்டுகிறார், காலையில் போனால் பொழுதுசாய்ந்துதான் வருவார். பவித்ரா கல்லூரியில். பகலில் வீட்டில் தேவகியும் தறியும் மட்டும்தான். தறியை விற்றுவிடலாம் என்கிறார் ஏழுமலை.

"அம்மா இன்னா சொல்றாங்க?"

"தறிய வித்துட்டு நான் இன்னா சுவத்த பாத்துக்கினு உக்காரவான்னு கேக்குது சார்."

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாத்த, எனக்கு இந்த ஏஐ கீஐ எல்லாம் தெரியாது. வெச்சுப் பாருங்க. ஆனா அந்த மெஷின் ஒரு தடவ ஏமாத்துச்சுன்னா, அன்னிக்கே தறிய கழட்டிடுவேன். அப்புறம் யாரும் பேசக்கூடாது."

தேவகி தறியில் இருந்தபடியே சொன்னார்: "வேன் பிரேக்குக்கு இவ்ளோ கண்டிஷன் போட்டியாயா நீ?"

ஆக, பணயம் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்க் அல்ல. ஒரு பெண் தன் தறியில் உட்காரலாமா கூடாதா என்பதுதான்.

பவித்ரா செய்தது எளிமையானது. ஒரு பழைய போன், தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். சத்தத்தைக் கேட்டு, ஓடினால் எங்கள் போன்களில் பச்சை. நின்று கொஞ்ச நேரம் ஆனால் சிவப்பு, கூடவே மணி. தேவகி காப்பி குடிக்கவோ வேறு வேலைக்கோ தானாக எழுந்தால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு எழவேண்டும், அப்போது மஞ்சள். பொத்தான் அழுத்தாமல் தறி நின்றால் மட்டும்தான் மணி அடிக்கும். தெருக்கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று ஒரு விதி. பக்கத்து வீட்டு சுப்பராயலுவிடம் சொல்லி வைத்தோம். அவரும் நெசவாளி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இவர்கள் தறியும் அவர் தறியும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

இனி கவனமாகக் கேளுங்கள். அந்தப் போனுக்கு ஓடுகிற சத்தம் எது, நின்ற அமைதி எது என்று பழக்கவேண்டும். தேவகி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிக் காட்டவேண்டும். வேலைநாளில் அதற்கு நேரம் ஏது? கல்யாணப் புடவைக்கு நாள் குறித்திருக்கும்போது நிறுத்தி நிறுத்தி விளையாட முடியுமா? தேவகியே வழி சொன்னார்.

"அமாவாசைக்கு வாங்கண்ணா. அன்னிக்கித்தான் கை சும்மா இருக்கும். நெய்ய மாட்டேன். வெறும் மிதி மிதிச்சுக் காட்டறேன், சாமி கோச்சுக்காது."

நெசவுக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை, இந்த ஊரில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. அடுத்தடுத்த அமாவாசைகளில் போனோம். தேவகி மிதிப்பார், பச்சை. நிறுத்துவார், சிவப்பு. ஒருதடவை தவறவில்லை. அடுப்படியில் பாத்திரம் விழுந்தாலும் அசையவில்லை. ஏழுமலையே "பரவால்லியே" என்றார். வேலைநாட்களிலும் ஓடவிட்டோம். காலையில் பச்சை, காப்பிக்கு மஞ்சள், மறுபடி பச்சை. கோயில் மணிபோல் சரியாக நடந்தது. நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டி, "பாரு, ஒரு வீட்டையே காப்பாத்திக்கினு இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி ரிவ்யூ வந்தது. என் கடைப் பிள்ளைகள் ரிவ்யூவுக்கு நான் போகாமல் இருந்ததில்லை. அந்தக் கல்லூரி வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், புரொஃபசர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மையார் வந்திருந்தார். முகத்தில் சிரிப்பே கிடையாது. பவித்ரா தன் போன் திரையைப் பெரிய திரையில் போட்டாள். 'தறி ஓடுகிறது' என்று பச்சையில் எழுத்து.

"இது ரெக்கார்டிங்கா?" என்றார் அந்த அம்மையார்.

"இல்ல மேம். லைவ். இப்போ எங்கம்மா நெய்துக்கினு இருக்காங்க."

அம்மையார் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி இருந்த பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். பவித்ரா தெளிவாகப் பேசிக்கொண்டே போனாள். எனக்கோ கால் ஆட ஆரம்பித்தது. எனக்குக் கால் ஆடினால் ஏதோ ஒன்று சரியில்லை. எது என்று தெரியவில்லை. ஃபேன் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறது, பெண் நன்றாகப் பேசுகிறாள், திரை பச்சை. எல்லாம் சரி. பெஞ்சு ஆடுகிறது என்று பக்கத்துப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

திரையின் ஓரத்தில் காலையிலிருந்து நடந்தது வரிசையாகக் கோடாகத் தெரியும். பச்சை, கொஞ்சம் மஞ்சள், பச்சை. காப்பிக்கு எழுந்திருக்கிறார். அதன்பிறகு பச்சைதான், விடாமல் பச்சை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே பார்த்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தத் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், இந்த வேளையில்தான் குழாயில் தண்ணீர் வரும். வந்தால் தெருவில் இருக்கும் பெண்கள் எல்லாரும் தறியை விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். நான் போன நாட்களில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு, பொத்தானை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தேவகி ஓடியிருக்கிறார். இன்று அந்த மஞ்சளைக் காணோம்.

இன்று தண்ணீர் வருகிற நாளா? எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து பேசினால் அந்தப் பெண்ணின் பேச்சு உடைந்துபோகும். ஒரு வருஷ உழைப்பு, மார்க் போடுகிறவர் எதிரில். ஒன்றும் இல்லை என்றால் கிழட்டு ஆள் ஒருவன் வந்து கெடுத்தான் என்று ஆகும். பேசாமல் இருந்தால்? அந்த யோசனை எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் நின்றுகொண்டிருந்தேன்.

"பவித்ரா, உங்க தெருவுல இன்னிக்கி தண்ணி வர்ற நாளா?"

அறை முழுக்கத் திரும்பியது. "யார் இவர்?" என்றார் தேர்வாளர். பவித்ரா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பச்சைக் கோட்டின்மேல் விரல் வைத்து நகர்த்தினாள்.

"மேம், ஒரு நிமிஷம். இது தப்பு."

"எது?"

"இந்தப் பச்சை. தப்பா காட்டுது."

அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நெய்யும்போது தேவகி எப்போதும் எடுப்பதில்லை, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு பவித்ரா செய்ததை நான் சாகும்வரை சொல்லுவேன். எனக்குத் தோன்றியிருக்காது. நான் ஆட்டோ பிடிக்கத்தான் ஓடியிருப்பேன். அவள் சுப்பராயலுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமா, தறியில இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. இன்னா சொல்லு, தறி நாடா கையில இருக்குது."

"அத்தை?"

"தண்ணிக்கு போயிருக்குது. கொழாயாண்ட சண்ட போட்டுக்கினு இருக்கும்."

"மாமா, உங்க தறிய நிறுத்துங்க."

"ஏமி? எதுக்கு?"

"நிறுத்துங்க மாமா!"

போனில் கேட்டுக்கொண்டிருந்த தறிச்சத்தம் நின்றது. நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். பச்சையாகவே இருந்தது. இருந்தது. பிறகு சிவப்பானது. 'தறி நின்றுவிட்டது.' அறை முழுக்க மணி அடித்தது.

பாய் எங்கிருந்தோ கேட்டார்: எந்த ஸ்டேஷன்?

சுவருக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன். எங்கள் போன் இத்தனை நாளும் சுப்பராயலுவின் தறியையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் பழக்கியதும் சோதித்ததும் அமாவாசையில். அன்று தெரு முழுக்க ஒரு தறி ஓடாது, தேவகியின் மிதியைத் தவிர. போனுக்குத் தெரு என்று ஒன்று இருப்பதே தெரியாது. வேலைநாட்களில் தேவகி பொத்தானை அழுத்திவிட்டே எழுந்ததால் மஞ்சள் வந்தது, அதைப் பார்த்து நாங்கள் போன் சத்தத்தைத்தான் கேட்கிறது என்று நம்பினோம்.

ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது பவித்ரா கத்தினாள்: "மாமா, எங்க வூட்டுக்கு ஓடுங்க! கதவு சும்மாதான் சாத்தியிருக்கும்!"

செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம். கதவு. "அய்யய்யோ, தேவகிம்மா!" பிறகு மூச்சிரைப்பு. பவித்ராவின் குரல் ஆச்சரியமாக நிதானமாக இருந்தது.

"மாமா, இழுத்துக்கினு இருக்குதா?"

"இல்ல. நின்னுடுச்சு. மூச்சு வருது. நெத்தியில ரத்தம். இரு, பீரோ சாவிய எடுத்து கையில..."

"சாவி வேணாம் மாமா! வாயிலயும் ஒண்ணும் வெக்காதீங்க. ஒருக்களிச்சு படுக்க வைங்க. தலைக்கு துணி வைங்க. நான் பேசிக்கினே இருக்கேன், வெச்சுடாதீங்க."

தேர்வாளர் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என் கார் வெளியே நிக்குது. வா" என்றார். அந்தச் சிரிக்காத முகத்தை நான் மறக்கமாட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேவகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழாயடியில் இருந்த பெண்கள் பாதிக் குடத்தோடு வாசலில் நின்றார்கள். தேவகிக்குக் கண்கள் சொருகியிருந்தாலும் மகளை அடையாளம் தெரிந்தது. முதல் வார்த்தை, "முந்தியில ரத்தம் பட்டுச்சா பாருடி" என்பதுதான். படவில்லை. டாக்டர் வந்து நெற்றியில் தையல் போட்டு, மாத்திரையை மாற்றி எழுதினார்.

ஏழுமலை வந்தார். சுவரில் தொங்கிய போனைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"இன்னா அண்ணாத்த, பச்சையா காட்டுச்சாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா முன்னால் வந்தாள். "ஆமாப்பா. ஏமாத்திடுச்சு. அதுக்கு சொல்லிக்குடுத்தது நான். தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்."

"அப்போ தறி போவுது. பேச்சு முடிஞ்சுது."

பவித்ரா தலையாட்டினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அவளுக்குப் பேச உரிமை இல்லை என்று அவளே நினைத்துவிட்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். அப்போது தேவகி பேசினார். நாக்கு இன்னும் குழறியது.

"யோவ். போன ஆடி மாசம் வேன கொண்டு போயி பாலத்துல இடிச்சியே."

"அதுக்கு இன்னா இப்போ?"

"வேன வித்துட்டியா?"

"பிரேக்க மாத்தினேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

வாசலில் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சுப்பராயலு மேலே பார்த்தார். ஏழுமலை மகளிடம் சொன்னார்: "அமாவாசையில வேணாம். தெரு பூரா தறி ஓடற அன்னிக்கி காட்டு. நான் லீவு போட்டுட்டு எதிர்ல உக்காருவேன். அதுவரிக்கும் உங்கம்மா தறியில உக்காரக்கூடாது."

பவித்ரா சுவரை விட்டாள். காற்றில் வரும் சத்தத்தைக் கேட்டால்தானே பக்கத்துத் தறி வரும்? தறியின் மரச்சட்டத்திலேயே ஒரு சின்னக் கருவியைக் கட்டி, அதன் அதிர்வைப் படிக்க வைத்தாள். சுப்பராயலு ஓட்ட, அம்மா தறி சும்மா நிற்க, சுப்பராயலு நிறுத்த, அம்மா தறியை அப்பா மிதிக்க, இரண்டும் ஓட, இரண்டும் நிற்க. எல்லா விதமாகவும் பழக்கினாள். தெருவில் மேளம் போகும்போது, லாரி போகும்போது, எதிர்வீட்டில் ஆணி அடிக்கும்போது. "உங்க பொண்ணு என்னை சம்பளம் இல்லாத மெஷினாக்கிட்டா" என்று சுப்பராயலு புலம்பினார், ஆனால் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். தேர்வாளர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பி ஒன்று சொல்லியிருந்தார்: அது எங்கே, எப்படித் தோற்றது என்பதை முதல் அத்தியாயமாக எழுது. நான் பைண்டிங் செய்த ரிப்போர்ட்டுகளில் தோல்வியில் தொடங்கிய ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

சோதனை நாள் வந்தது. நல்ல முகூர்த்த காலம், தெருவில் ஓடாத தறி கிடையாது. ஏழுமலை நாற்காலியைத் தறிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். பவித்ரா கல்லூரியில், நான் கடையில், கையில் போன். அவர் நினைத்தபோது கையைத் தூக்குவார், தேவகி பொத்தானைத் தொடாமல் நிறுத்தவேண்டும். எங்களுக்கு எப்போது என்று தெரியாது. முதல் மணி அடித்தபோது நான் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரின் ஆதார் அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். உடனே போன் செய்தேன்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றார் ஏழுமலை. அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க அந்த மனிதர் எங்களை விடவில்லை. சுப்பராயலுவை வேகமாக ஓட்டச் சொல்லி, தேவகியை நிறுத்தவைத்தார். தானே சுவரைக் கையால் இடித்துக்கொண்டு நிறுத்தவைத்தார். எங்கள் போன் ஒவ்வொரு தடவையும் அடித்தது. பொழுது சாய எழுந்தார். ஒரு வார்த்தை பாராட்டு இல்லை. ஸ்க்ரூடிரைவர் எங்கே என்று கேட்டு, பொத்தானைப் பழைய இடத்திலிருந்து கழற்றி, தறியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் தானே பொருத்தினாராம். பவித்ரா அதைச் சொன்னபோது அழுதாள். நான் அழவில்லை, எனக்குச் சளி.

பட்டியலுக்கு வெளியே எவ்வளவோ இருக்கிறது. திருப்பருத்திக்குன்றம் ஜைனர் கோயில் கூரையில் இருக்கும் ஓவியத்தைக் கண் தெரியாதவருக்கு வாயால் சொல்லும் போன் ஒன்றை யாராவது செய்யுங்கள். ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கும் வேளையில் மட்டும் படம் எடுக்காதீர்கள். தேய்ந்த கல்வெட்டு எழுத்தைப் படிக்க வையுங்கள். தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்லாமல், தெரியவில்லை என்று சொல்லவும் பழக்குங்கள். திருவிழாக் கூட்டத்தில் எந்த மூலையில் நெரிசல் ஏறுகிறது என்று பார்க்க வையுங்கள். ஆனால் மழை பெய்து எல்லாரும் குடை விரிக்கும்போது அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு வசதியான நாளில் எந்த மெஷினும் நல்ல பிள்ளைதான். அமாவாசையில் ஜெயித்ததை ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிற வேளையில்தான் உங்கள் கால் ஆடவேண்டும்.

பவித்ரா இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். அந்த மணி அவளுக்கு அடிக்கும், ஏழுமலைக்கு அடிக்கும், எனக்கும் அடிக்கும். என்னை அதிலிருந்து எடுத்துவிடலாமா சார், ரெஸ்ட் எடுங்க என்று கேட்டாள். எடுத்துப்பார் என்றேன்.

இதோ, இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடித்தது. சிவப்பு. பேனாவை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சுப்பராயலுவுக்குப் போடலாம் என்று விரல் போகும்போது தேவகியே கூப்பிட்டார்.

"அண்ணா, நூல் அறுந்துச்சு. குனிஞ்சு முடிச்சு போட்டுக்கினு இருந்தேன், பொத்தான மறந்துட்டேன். எல்லாரும் ஒரே நேரத்துல போன் பண்ணா நான் எப்ப முடிச்சு போடறது? வெய்யுங்க."

வைத்துவிட்டேன். அவர் குரல் கேட்டாகிவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

பச்சை.

கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.